மெழுகு ஓவியத்தை மட்டும் நம்பி ஓவிய ஆசிரியராக முடியுமா? கார்ல் ஸெர்பே பற்றி ஒரு சந்தேகம்

வண்ணக்கிண்ணம்:
வணக்கம். ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறேன். தேன்மெழுகை உருக்கி நிறமி கலந்து சூடாக இருக்கும்போதே வரைகிற என்காஸ்டிக் முறையைத் தொட்டதிலிருந்து எண்ணெய் வண்ணத்தின் பக்கம் கையே போகமாட்டேன் என்கிறது. இதையே வரைந்து, இதையே சொல்லிக்கொடுத்துப் பிழைக்க ஆசை. இந்த முறை என்றாலே அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954-55இல் செய்த அமெரிக்கக் கொடியைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அதற்கும் முன்னால் பாஸ்டனில் கார்ல் ஸெர்பே என்ற ஆசிரியர் இதில் பெரிய ஆளாக இருந்தாராமே? அவர் ஏன் நடுவில் மெழுகை விட்டார்?

பழைய தூரிகை:
நல்ல ஆளைப் பிடித்திருக்கிறீர்கள், ஜான்ஸுக்குக் கிடைத்த வெளிச்சத்தில் கால்வாசிகூட இவருக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம். 1903இல் பெர்லினில் பிறந்தவர். நாஜிகள் "சீரழிந்த கலை" என்று முத்திரை குத்திய ஓவியர்களில் இவரும் ஒருவர். 1934இல் அமெரிக்கா போனார். 1937 முதல் 1955 வரை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பள்ளியில் ஓவியத் துறைத் தலைவர். எகிப்தின் ஃபாயும் பகுதியில் மம்மிகளோடு கிடைத்த முகச் சித்திரங்கள் கி.பி. 1, 2, 3ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, அவற்றில் பல மெழுகில் வரைந்தவைதான். அப்படி வழக்கொழிந்து கிடந்த முறையை 1930களின் கடைசியில் ஸெர்பே தன் சொந்த ஓவியங்களுக்கு எடுத்துக்கொண்டார். மெக்ஸிகோவில் டியேகோ ரிவேரா 1922-23இலேயே ஒரு பெரிய சுவரோவியத்தை இதில் செய்திருந்தார், ஆனால் அதற்குப் பிறகு சுவரோவியங்களுக்கு அவர் வேறு முறைக்குப் போய்விட்டார். ஸெர்பே வருஷக்கணக்கில் விடாமல் செய்தார்.

விட்டதற்குக் காரணம் உடம்பு. அந்தப் பொருள்கள் அவருக்கு ஒவ்வாமல் போயின. 1940களின் கடைசியில் மெழுகை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் வகை வண்ணங்களுக்கு மாறினார். 1955இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயும் சொல்லிக்கொடுத்தார், 1972இல் காலமானார்.

சூட்டுப்பலகை:
தம்பி, மேலே சொன்ன ஒவ்வாமை விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வாமை என்பது ஆளுக்கு ஆள் வேறு, ஆனால் புகை எல்லோருக்கும் கெடுதல். தேன்மெழுகு 62-64 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வேலை செய்ய 80-90 தாராளமாகப் போதும். அதைத் தாண்டிப் புகைய விட்டால் கண்ணும் தொண்டையும் எரியும், அந்தப் புகையில் அக்ரோலின் என்ற நச்சு இருக்கிறது. மெழுகை உருக்கும் சூட்டுப்பலகையில் ஒரு வெப்பமானி வையுங்கள். ஜன்னலில் காற்றை வெளியே இழுக்கிற விசிறி வேண்டும், அதுவும் புகை உங்கள் முகத்தைத் தாண்டிப் போகாமல் பலகையிலிருந்து நேராக வெளியேறுகிற மாதிரி. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடி போட்டு அணைக்க வேண்டும். நிறமிப் பொடியைக் காய்ந்தபடி கொட்டிக் கலக்காதீர்கள்.

சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கற்றுத்தர வேண்டியது சூடான காற்றை ஊதுகிற சூட்டுத் துப்பாக்கியைப் பிடிப்பது. ஒவ்வொரு பூச்சும் அடியிலிருக்கும் பூச்சோடு உருகி ஒட்ட வேண்டும். மேற்பரப்பு மங்கலிலிருந்து ஈரம் பட்டதுபோல் மினுங்கும், அந்தக் கணமே கையை நகர்த்திவிட வேண்டும். இன்னும் ஒரு விநாடி நின்றால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். மாணவர்கள் பாதிப் பேர் அங்கேதான் பயப்படுவார்கள். டாமர் என்ற மரப்பிசினைச் சேர்ப்பது எதற்கென்றும் சொல்லுங்கள் (எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு வழக்கம்), பிசின் இல்லாவிட்டால் படம் மெத்தென்று இருந்து சீக்கிரம் கீறல் விழும். அப்புறம், துணித்திரை வேண்டாம், வளைந்தால் மெழுகு வெடிக்கும். மரப்பலகைதான்.

பழைய தூரிகை:
இன்னொன்று விட்டுப்போனது. ஸெர்பேயிடம் மெழுகு கற்ற டேவிட் ஆரன்சன் பிற்பாடு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறையை நடத்தினார், வெண்கலச் சிற்பமும் செய்தார். மெழுகு கற்றவர் மெழுகிலேயே நிற்கவில்லை. ஸெர்பேக்கும் வேலை கிடைத்தது மெழுகுக்காக இல்லை, ஓவியம் முழுவதையும் கற்றுத்தரத் தெரிந்ததால்தான். அதனால் எண்ணெய் வண்ணத்தைக் கைவிடாதீர்கள் என்றே சொல்வேன்.

வண்ணக்கிண்ணம்:
சூட்டுப்பலகை அண்ணா, விசிறி இந்த வாரமே மாட்டிவிடுகிறேன். ஒரு சந்தேகம், அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வரைவதற்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசிய பலகை கையில் இருக்கிறது, அதன் மேலேயே மெழுகு பூசலாமா?

சூட்டுப்பலகை:
வேண்டாம். சாதாரண அக்ரிலிக் ஜெஸ்ஸோ மெழுகை உள்ளே இழுக்காது, நாளாவட்டத்தில் உரிந்து வரும். வெறும் மரப்பலகையிலேயே தொடங்குங்கள், முதல் பூச்சு நிறமில்லாத மெழுகாக இருக்கட்டும், அதையும் சூடு காட்டி உருக்கி ஒட்டுங்கள்.