மறு: ‘பூட்’டுக்குத் தமிழ் – கிளம்பு / கிளப்பு

வணக்கம். கணினி ‘பூட்’ ஆவதற்கு, அதாவது இயங்குதளம் ஏறி வேலைக்குத் தயாராவதற்கு, மொழிபெயர்ப்பில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘தொடக்கு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறதே?

புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவோடு தொலைபேசியில் அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு எனக்கு அந்தச் சொல்மேல் நம்பிக்கை போய்விட்டது.

“சிஸ்டம் ஆன் ஆகுதுடா, ஆனா ஆன் ஆக மாட்டேங்குது” என்றார். விசிறி சுற்றுகிறது, திரையில் எழுத்தும் வருகிறது, உபுண்டு இயங்குதளம் மட்டும் வரவில்லை. “தொடங்குச்சா?” என்று கேட்டால் “அதெல்லாம் தொடங்கிடுச்சு” என்கிறார். அவர்மேல் தப்பில்லை. மின்சாரம் ஏறுவது ஒன்று, இயங்குதளம் வட்டிலிருந்து நினைவகத்துக்கு வந்து பொறுப்பேற்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறே. ‘தொடங்கு’ அந்த இடைவெளியைக் காட்டுவதில்லை.

திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: ‘ரிமூவ் டிஸ்க்ஸ் ஆர் அதர் மீடியா’. “ஹார்ட் டிஸ்கைக் கழட்டச் சொல்லுதுடா” என்று ஸ்குரூ டிரைவரைத் தேடக் கிளம்பிவிட்டார்! நிறுத்தி, பயாஸுக்குள் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் நிரல்) போகச் சொன்னேன். 500 ஜிபி வட்டின் பெயர் அங்கே தெரிந்தது. சரி, வட்டு முழுசாகச் செத்துவிடவில்லை. தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி, அதாவது சிஆர்2032, தீர்ந்துவிட்டால் இப்படித்தான். மின்சாரம் போய் வந்ததும் அமைப்புகள் அழிந்து, எந்தச் சாதனத்தில் இயங்குதளத்தை முதலில் தேடுவது என்ற வரிசையும் பழையபடிக்குத் திரும்பிவிடும். அந்த வரிசையில் பென் டிரைவ் முதலில் இருந்தது. கணினியிலோ பாட்டு ஏற்றிய பென் டிரைவ் ஒன்று செருகியபடியே கிடந்தது.

பழைய பயாஸ் பெரிதாக எதையும் ஆராயாது. சாதனத்தின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். கடைசி இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருந்தால் அதை நம்பிப் பிடியை ஒப்படைத்துவிடும். பாட்டுப் பென் டிரைவிலும் அப்படித்தான் ஒப்படைத்தது, அங்கே இயங்குதளம் இல்லாததால்தான் அந்தச் செய்தி. ஹார்ட் டிஸ்கில் அந்த 512-இல் 446 பைட்டு நிரலுக்கு, 64 பைட்டு பகிர்வு அட்டவணைக்கு (வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல்). 446 பைட்டில் இயங்குதளத்தை ஏற்றும் வேலை முழுவதும் அடங்குமா? இயங்குதளத்தை ஏற்றிவிடும் க்ரப் என்ற நிரலின் முதல் துண்டு மட்டும் அங்கே உட்கார்ந்து மீதியைக் கூப்பிடும், அது இயங்குதளத்தின் கருவான கெர்னலைக் கூப்பிடும். தன்னை ஏற்றும் நிரலையும் தானே ஏற்றிக்கொள்ள வேண்டிய பிழைப்பு. பூட்ஸ் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலப் பேச்சிலிருந்துதான் ‘பூட்’ வந்தது. நம் ‘தன் கையே தனக்கு உதவி’யும் கிட்டத்தட்ட அதுதான், அதற்காக வாரையும் செருப்பையும் தமிழுக்கு இழுக்க வேண்டாம். பயாஸுக்குப் பதிலாக யூஈஎஃப்ஐ வந்த புதிய கணினிகளில் இந்த முதல் 512 பைட்டுக் கதை இல்லை, தனிப் பகிர்வில் இருக்கும் கோப்பைத் தேடி எடுக்கின்றன. நமக்கு வேண்டிய வினை மட்டும் அங்கேயும் அதேதான்.

> ‘எழுப்பு’?

அழகான சொல், ஆனால் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. கணினியைத் தூங்க வைக்கிறோம், தூங்கியதை எழுப்புகிறோம். அதை விட்டுவிடுவோம்.

> ‘பூட்டு’ என்றே ஆக்கிவிட்டால் ஒலியும் ஒத்துவரும். ஏர் பூட்டுவது இல்லையா?

ரசித்தேன். சித்திரையில் பொன்னேர் பூட்டுவது உழவுக்குத் தொடக்கம், பொருளும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் “கணினியைப் பூட்டு” என்றால் எல்லாரும் கடவுச்சொல் கேட்கும் திரையைத்தான் நினைப்பார்கள்.

என் முன்மொழிவு கிளம்பு, கிளப்பு. சாவியைத் திருகியாச்சு, விளக்கு எரிகிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை என்கிறோமே, சித்தப்பா சொல்லத் தவித்தது அதைத்தான். தானாக நடந்தால் கிளம்பும், நாம் செய்தால் கிளப்புவோம், தன்வினை பிறவினை இரண்டும் கைவசம் இருக்கின்றன. வட்டிலிருந்து கிளம்பவில்லை, பென் டிரைவிலிருந்து கிளப்பிப் பார், கிளம்பு வரிசையை மாற்று, மறுபடி கிளப்பு. தொலைபேசியில் இதற்கெல்லாம் விளக்கவுரை வேண்டாம்.

இடிக்கும் இடமும் உண்டு. “நான் கிளம்புறேன்” என்பது விடைபெறுவது. ஆகவே “சிஸ்டம் கிளம்பிடுச்சு” என்றால் ஒரேயடியாகப் போய்விட்டதோ என்று சிலர் பதறலாம். ஆனால் பென் டிரைவைப் பிடுங்கச் சொல்லி ரீஸ்டார்ட் செய்ததும், நான் சொல்லிக் கொடுக்காமலேயே சித்தப்பா “ஆங், கிளம்பிடுச்சுடா” என்றார். அதில் யாருக்கும் குழப்பமில்லை.

க்ரப் மாதிரியான பூட்லோடருக்குக் ‘கிளப்பி’ என்று எழுதிப் பார்த்தேன், புரளி கிளப்பி மாதிரி ஒலிக்கிறது. ‘ஏற்றி’ மட்டும் போதுமா? கணினியைக் கிளப்ப உதவும் சாதனமான ‘பூட்டபிள் டிவைஸ்’ இன்னும் மோசம். ‘கிளப்பத்தகு சாதனம்’ என்று சித்தப்பாவிடம் சொல்ல எனக்கே வாய் வராது. இந்த இரண்டுக்கும் நல்லதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். மற்றவற்றை இப்படியே மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடலாமா?