பெரிய கேமராவோடு போகும் சின்ன கேமரா: யார் எதை வைத்திருக்கிறீர்கள்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் இடிபடாமல் நிற்கிற லயத்து வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பெரிய கேமராவில், ஒரு படத்துக்கு ஒரு தாள் என்று போடுகிற 4க்கு 5 அங்குல ஷீட் பிலிமில் எடுத்து வருகிறேன். கூடவே ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வேண்டும் என்று எனக்கு உறைத்தது ஒரு பாட்டியால்.

காலை ஏழரை இருக்கும். முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "தம்பி, நிலம் அளக்க வந்திருக்கியா? எங்கள எப்ப காலி பண்ணச் சொல்லுவாங்க?" ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். முக்காலியைப் பார்த்து என்னை சர்வேயர் என்று நினைத்துவிட்டார். படம்தான் எடுக்கிறேன் என்று சொல்லி, படம் தலைகீழாக விழுகிற கண்ணாடித் திரையைப் பார்க்கவிட்டேன். "என்னப்பா, வீட்டையே கவுத்துப் போட்டுட்ட!" என்று சிரித்தார். வாசலில் உட்காரவைத்து ஒரு ஷீட் எடுத்தேன். "எங்க, காட்டு" என்றார். கழுவி எடுக்க ஒரு வாரம் ஆகும் பாட்டி என்றேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. மறுபடியும் சர்வேயர் ஆகிவிட்டேன்.

லென்ஸ் மாற்றுகிற டிஜிட்டல் கேமரா ஒன்று ஏற்கெனவே இருந்தது. நல்ல கேமராதான். ஆனால் ஷீட் வைக்கிற ஹோல்டர், லென்ஸ், முக்காலி எல்லாம் சுமக்கிற அன்று அது அலமாரியில்தான் இருக்கும். அதனால் பழைய சோனி ஆர்எக்ஸ்100 ஒன்று வாங்கினேன். 2012இல் வந்த முதல் மாடல், 240 கிராம், சட்டைப்பையில் அடங்கும். ஜூம் 35 மிமீ பிலிம் கணக்கில் 28 முதல் 100 வரை போவதால், பெரிய கேமராவில் என் 150 மிமீ லென்ஸ் எவ்வளவு பார்க்கும் என்பதை ஏறத்தாழ 43இல் வைத்துத் தெரிந்துகொள்ளலாம். முக்காலியை இறக்குவதற்கு முன்பே பாதிப் படங்கள் "வேண்டாம்" ஆகிவிடும். ஒரு ஷீட் விலைக்கு ஒரு வாழை இலைச் சாப்பாடு கிடைக்கிற காலத்தில் இது சின்ன லாபம் இல்லை. வியூஃபைண்டர் இல்லாததுதான் குறை. வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. அதையும் கறுப்புத் துணிக்குள் கொண்டுபோய்த்தான் பார்க்கிறேன்!

ஒளி அளக்கவும் இதுதான். எஃப் 8இல் 1/60 காட்டினால், எஃப் 22க்கு மூன்று ஸ்டாப் தள்ளி (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு அல்லது பாதி) 1/8 விநாடி. இதில் ஒரு முறை நன்றாக ஏமாந்தேன். மூடிக்கிடந்த பழைய தவறணைக்குள் (கள்ளுக்கடை) கணக்குப் போட்டதில் 10 விநாடி வந்தது, அப்படியே கொடுத்தேன். கேமராவுக்குள் இருந்தது ஃபோமாபான் 100 பிலிம். நீண்ட எக்ஸ்போஷரில் பிலிம் சோம்பிவிடும். 10 விநாடிக்கு 8 மடங்கு, அதாவது 80 விநாடி கொடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளரின் அட்டவணையிலேயே இருக்கிறது. படிக்காதது என் தப்பு. நெகட்டிவில் ஜன்னல் மட்டும்தான் வந்தது.

நீங்கள் எல்லாம் என்ன வைத்திருக்கிறீர்கள்?

*

பட்டணத்து ஸ்டூடியோக்காரர் மகள்:

அண்ணே, எனக்கு ஜூம் ஒத்துவரவில்லை. ரிக்கோ ஜிஆர் 3 வைத்திருக்கிறேன். ஜூம் கிடையாது, 28 மட்டும்தான், முன்னும் பின்னும் நடந்து பார்த்துக்கொள்வேன்.

நான் மாட்டிக்கொண்டது ரப்பர் காட்டில். இலைச் சந்தில் விழுகிற வெயில் புள்ளிகள் வெளுக்காமல் இருக்கட்டும் என்று ஹிஸ்டோகிராமை (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்த்து எக்ஸ்போஷரைக் குறைத்து வைத்தேன். டிஜிட்டலுக்கு அது சரி. நெகட்டிவுக்கு நிழல்தான் முக்கியம். நெகட்டிவில் மரமெல்லாம் ஒன்றும் பதியாமல் வெறும் கண்ணாடியாக வந்தது, பால் கிண்ணம்கூடத் தெரியவில்லை. இப்போது சின்ன இடத்தை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரில் நிழலை அளந்து, மீட்டர் நிழலையும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால் அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்துக் கொடுக்கிறேன். வெளிச்சப் பக்கத்தை பிலிம் தாங்கிக்கொள்ளும்.

அப்புறம், கிட்டப் போய் எடுக்கும்போது பெல்லோஸ் (லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் இருக்கிற மடிப்புத் துருத்தி) நீள்வது சின்ன கேமராவுக்குத் தெரியாது. 150 லென்ஸை 300 வரை இழுத்தால் இன்னும் இரண்டு ஸ்டாப் வேண்டும்.

*

இன்னொருவர்:

கைப்பேசி போதும் என்று இருந்தவன் நான். கோயில் மண்டபத்துக்குள் எடுத்துப் பார்த்தேன், இருட்டு மூலைகூடத் தெளிவாகத் தெரிந்தது. கைப்பேசி பல படங்களை ஒட்டிக் காட்டிய வெளிச்சம் அது. அதை நம்பி நாலு ஷீட் போயிற்று. இப்போது சின்ன கேமரா தேடுகிறேன். உங்கள் சோனியை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

*

தொடங்கியவர்:

விற்க மாட்டேன். பாட்டி கதையை முடித்துவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்துக் கதவைத் தட்டி, முதலில் சின்ன கேமராவில் எடுத்துக் காட்டினேன். "இரு இரு" என்று உள்ளே போய், கணவர் படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எடுத்ததைக் காட்டக் காட்ட முந்தானையைச் சரிசெய்து, நாலாவதில்தான் திருப்தி. அதன் பிறகு பெரிய கேமராவுக்கும் பொறுமையாக இருந்தார். கால் விநாடி எக்ஸ்போஷர்; வீடு ஊசி போலத் தெளிவு, பாட்டி மட்டும் லேசாக அசைந்துவிட்டார்.

இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். ஆர்எக்ஸ்100 படம் சுவருக்குப் போனது. 4க்கு 5ஐ என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "வீடு எதுக்குப்பா, தினம் பாக்கிறதுதானே?"