எலெக்ட்ரிக் கார்: கம்பெனி லீஸா, பேங்க் லோனா? கணக்கு பார்த்துச் சொல்லுங்கள்

ஓஎம்ஆர்வாசி | 2025 ஆகஸ்ட் 9

வணக்கம் நண்பர்களே. பத்து நாளாக ஒரே யோசனை, உங்கள் உதவி வேண்டும்.

வீடு மேடவாக்கம், வேலை சிறுசேரியில். 2013ல் வாங்கிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. இனி அதற்குச் செலவு செய்ய மனமில்லை, எலெக்ட்ரிக் காருக்கு மாறுவது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். எப்படி வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

எங்கள் கம்பெனியில் லீஸ் திட்டம், அதாவது காரை வாடகைக்கு எடுத்துத் தரும் திட்டம் இருக்கிறது. நான் பார்த்த காரின் விலை 16 லட்சம். 48 மாதத்துக்கு வாடகை ஜிஎஸ்டியோடு 36,400 ரூபாய், இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,600. ஆக மாதம் 41,000 ரூபாயை வரிக்கு முன்பே சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். கடைசியில் 4 லட்சம் கட்டினால் கார் என் பெயருக்கு வரும். வருடத்துக்கு 1.53 லட்சம் வரி மிச்சம், நான்கு வருடத்தில் 6.14 லட்சம் என்று லீஸ் கம்பெனி கொடுத்த தாளில் போட்டிருக்கிறது.

பேங்கில் 9 சதவீதத்தில் 16 லட்சமும் தருகிறார்கள். 48 மாதம், இஎம்ஐ 39,816.

நான் புதிய வரி முறையில் இருக்கிறேன். கழிவு போக வரிக்குரிய வருமானம் 21 லட்சம். தாளைப் பார்த்தால் லீஸ்தான் லாபம். ஆனாலும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. எதையாவது விட்டுவிட்டேனா?

பேரேடு

நண்பரே, தாளில் இருக்கும் 1.53 லட்சம் எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தேன். 41,000ஐ 12ஆல் பெருக்கினால் 4.92 லட்சம். அதில் 31.2 சதவீதம், அதாவது 30 சதவீத வரியும் அதன் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும். ஆனால் நீங்கள் 30 சதவீதத்தில் இல்லையே! இந்த 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 24 லட்சத்துக்கு மேல்தான் 30 சதவீதம். 20 முதல் 24 லட்சம் வரை 25 சதவீதம், 16 முதல் 20 வரை 20 சதவீதம். பழைய அட்டவணையை வைத்தே உங்களுக்குத் தாள் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் விட்டுவிட்டார்கள். கம்பெனி கார் கொடுத்தால் அது ஒரு சலுகை என்று உங்கள் வருமானத்தில் கொஞ்சம் சேரும். 2025-26 விதிப்படி 1.6 லிட்டர் வரை உள்ள இன்ஜினுக்கு மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400. டிரைவரையும் கம்பெனியே கொடுத்தால் இன்னொரு 900. எலெக்ட்ரிக் காரில் லிட்டர் கணக்கே கிடையாது, அதனால் உங்கள் கம்பெனி எதை எடுக்கிறது என்று எச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் 1,800 வைத்தே போடுகிறேன்.

வரிக்குரிய வருமானத்தில் வருடத்துக்கு 4.92 லட்சம் குறைகிறது, 21,600 கூடுகிறது. ஆக நிகரமாகக் குறைவது 4,70,400. இதில் 20 லட்சத்துக்கு மேல் இருக்கும் ஒரு லட்சத்துக்கு 25 சதவீதம், பாக்கி 3,70,400க்கு 20 சதவீதம். மொத்தம் 99,080, செஸ்ஸோடு 1,03,043 ரூபாய். நான்கு வருடத்தில் 4.12 லட்சம். தாளில் இருப்பதைவிட 2 லட்சம் குறைவு.

இனி மொத்தச் செலவு. லீஸில் 41,000 வீதம் 48 மாதம் 19.68 லட்சம், கடைசியில் 4 லட்சம், ஆக 23.68. லோனில் இஎம்ஐ 19.11 லட்சம், அதே இன்சூரன்ஸும் சர்வீஸும் கைக்காசில் 2.21 லட்சம், ஆக 21.32. வரியைக் கணக்கில் எடுக்காவிட்டால் லீஸ் 2.36 லட்சம் அதிகம். வரி மிச்சத்தில் அதைக் கழித்தால் உங்களுக்கு நிற்பது 1.76 லட்சம், மாதம் சுமார் 3,670 ரூபாய். லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 6.14 லட்சத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

லீஸ் வாடகைக்குள் வட்டி எவ்வளவு என்றும் தாளில் இருக்காது. எக்ஸெலில் ரேட் ஃபார்முலாவில் 48 மாதம், ஜிஎஸ்டி நீக்கிய வாடகை, 16 லட்சம், கடைசி 4 லட்சம் என்று கொடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 11 சதவீதம் வருகிறது. பேங்க் 9 தருகிறது.

ஓஎம்ஆர்வாசி

மிக்க நன்றி சார். இதை நான் கவனிக்கவே இல்லை. எலெக்ட்ரிக் கார் லோனுக்கு வட்டியில் ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். அது கிடைக்குமா?

பேரேடு

வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவைச் சொல்லியிருப்பார். 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான லோனுக்கு மட்டுமே அது. அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. உங்களுக்குக் கிடையாது.

கிண்டி_மீனா

தம்பி, பேரேடு சார் போட்ட கணக்கு 48 மாதமும் நீங்கள் அதே கம்பெனியில் இருந்தால்தான் செல்லும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2022ல் லீஸில் ஒரு எலெக்ட்ரிக் கார் எடுத்தேன். 22வது மாதம் எங்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். கடைசி செட்டில்மென்ட் தாளில் மூன்று மாதச் சம்பளம், லீவுக்கான பணம் எல்லாம் வரவில் இருந்தன. கீழே பிடித்தம் என்ற இடத்தில் லீஸ் பாக்கி ஒரே வரியில் 9 லட்சத்துக்கு மேல். எனக்கு வர வேண்டியது போக, நான்தான் அவர்களுக்குக் கட்ட வேண்டும் என்று வந்தது. கட்டும்வரை காரை எடுக்கக் கூடாது என்று இரண்டு சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆபீஸ் கீழ்த்தளத்தில் தூசி படிந்து நின்ற என் காரைப் பார்த்துவிட்டு மெட்ரோவில் வீட்டுக்கு வந்தேன். பழைய கார் வாங்குபவரிடம் கேட்டால் ஏழரை லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டேன் என்றார். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினேன்.

லோன் என்றாலும் கடன் கடன்தான். ஆனால் வேலை போன அன்றே முழுப் பாக்கியையும் வை என்று பேங்க் கேட்காது. அந்த நேரத்தில் மூச்சு விட இரண்டு மூன்று மாதம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும்.

நான்கு வருடம் அங்கேயே இருப்பீர்களா? இதற்கு மட்டும் உங்களுக்குள் உண்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள்.

தாம்பரம்_இவி

மூன்று வருடமாக எலெக்ட்ரிக் கார் ஓட்டுகிறேன். கரன்ட் பில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் உங்களுக்கு மாதம் 170 யூனிட், இரண்டு மாத பில்லில் 340. வீட்டில் ஏற்கெனவே 400, 450 யூனிட் வந்தால் 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் குறைந்த கட்டணம் போய்விடும், மேலே போகிற யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600க்குப் பிறகு 9 ரூபாய்க்கு மேல். அப்படியும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசுதான் வரும். பெட்ரோலில் உங்களுக்கு 7 ரூபாய் ஆகிறது. மாதம் 6,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் லீஸில் எடுத்தாலும் லோனில் எடுத்தாலும் இது கிடைக்கும். இதையும் லீஸின் லாபத்தில் சேர்த்துச் சொல்வார்கள், ஏமாற வேண்டாம்.

பேட்டரி வாரண்டியை நன்றாகப் படியுங்கள். சில கார்களுக்கு வாழ்நாள் வாரண்டி என்கிறார்கள், ஆனால் அது முதல் உரிமையாளருக்கு மட்டும். லீஸில் ஆர்சி புத்தகம் லீஸ் கம்பெனி பெயரில் இருக்கும். நான்கு வருடம் கழித்து 4 லட்சம் கட்டி வாங்கும்போது நீங்கள் இரண்டாவது உரிமையாளர். காரை முதல் நாளிலிருந்து ஓட்டியவர் நீங்களாகவே இருந்தாலும் அப்படித்தான். உங்கள் மாடலுக்கு என்ன விதி என்று கார் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கும் திட்டமும் உண்டு. 2024 செப்டம்பரில் எம்ஜி வின்ட்சர் வந்தபோது பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சமும் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாயும். வித்தியாசத்தை மூன்றரையால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். உங்கள் ஓட்டத்துக்கு ஏழு வருடம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஓடாத மாதத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்று கேட்காமல் போகாதீர்கள்.

ஓஎம்ஆர்வாசி | ஆகஸ்ட் 16

எல்லோருக்கும் நன்றி. எச்ஆரிடம் எழுதிக் கேட்டேன். சலுகை மதிப்பு 1,800தான். வேலையை விட்டால் மீதி அசலோடு மூன்று மாத வாடகையும் கட்ட வேண்டுமாம். பேரேடு சார் சொன்ன 11 சதவீதத்தை வைத்து 24வது மாதத்துக்குப் போட்டேன். அசல் பாக்கி 10.65 லட்சம், வாடகையோடு 11.7 லட்சத்துக்கு மேல் போகிறது.

மீனா அக்கா கேட்டதற்குப் பதில்: இருக்க மாட்டேன். அம்மா அப்பா கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் அங்கே வேலை தேடிப் போக வேண்டும் என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். முதல் பதிவிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். 3,670 ரூபாய்க்காக அந்தப் பயணத்தைப் பூட்டி வைக்க முடியாது. லோனிலேயே எடுக்கிறேன்.

தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக் காருக்குச் சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்கிறார்கள். அதற்கு முன் பதிவு முடியும்படி புக் செய்யப்போகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் 15 ஆம்பியர் பிளக் ஒன்று என் மீட்டரிலிருந்து வருகிறது. அது போதுமா?

தாம்பரம்_இவி

போதும். தினமும் 40 கிலோமீட்டர் என்றால் 6 யூனிட், அந்தப் பிளக்கில் இரண்டரை மணி நேரம். ஆனால் முதல் சார்ஜுக்கு முன் எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தும் ஒயரின் தடிமனும் பாருங்கள். எங்கள் குடியிருப்பில் ஒருவருக்குப் பழைய ஒயரில் பிளக் உருகி ஒட்டிக்கொண்டது. எம்சிபியும் (கரன்ட் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.