மறுமொழி: ‘புறத்தமனி நோய்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

இதயத்திலிருந்து கால், கை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களான தமனிகள் குறுகும் நோயை (peripheral artery disease), நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ‘புறத்தமனி நோய்’ என்றே ஏற்றிவிடலாம் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ‘புறம்’ என்றதும் ஏதோ ஓரத்து நோய், அஞ்ச வேண்டியதில்லை என்று தோன்றிவிடும். காலில் கொழுப்புப் படிந்து தமனி குறுகியிருந்தால், இதயத்துக்கும் மூளைக்கும் போகும் தமனிகளிலும் அதே படிவு இருக்க வாய்ப்பு அதிகம். இவர்களில் பலரின் உயிரைப் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமும்தான்.

என் பரிந்துரை: கால் தமனி அடைப்பு.

கையும் சிறுநீரகமும் விட்டுப்போகின்றனவே என்று கேட்பீர்கள். பெரும்பாலும் தாக்கப்படுவது கால்தான். அமெரிக்க இதய அமைப்புகளின் 2024 வழிகாட்டியும் தலைப்பிலேயே காலைக் குறிப்பிடுகிறது.

‘ரத்தக்குழாய் அடைப்பு’ எளிமையானது என்று தங்கை ஒருவர் சொன்னார். எளிமைதான், ஆனால் ஆபத்து. தமனியும் ரத்தக்குழாய்தான், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் சிரையும் ரத்தக்குழாய்தான். எங்கள் சூளகிரிப் பக்கம் வெரிகோஸையும் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பார்கள். அது சிரைக் கோளாறு. அதற்கு இறுக்கமான காலுறை போடச் சொல்வார்கள். தமனி கடுமையாக அடைத்த காலில் அதே காலுறையைப் போட்டால், போகிற கொஞ்ச ரத்தமும் குறைந்து பாதம் புண்ணாகும். எனவே தமனி என்ற சொல்லை விடவே கூடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கியது நம் சாமனப்பள்ளியில்தான். வாசலில் வந்து சுகர், பிரஷர் பார்க்கும் அந்தப் பெண்களுக்கு இரண்டு தடவை சொன்னால் ‘தமனி’ பழகிவிடும்.

அடுத்தது, நடந்தால் வந்து நின்றால் விடும் கால்வலிக்கான (intermittent claudication) ‘விட்டுவிட்டு வரும் நொண்டல்’. அதைக் கைவிடலாம். மாந்தோப்பு மேட்டில் ஏறும் ஒரு பெரியவர் என்னிடம், “கெண்டைக்கால் கவ்விப் புடிக்குது, நின்னா விட்டுருது” என்றார். அவர் நொண்டவில்லை, நின்றுவிடுகிறார். ‘நடைவலி’ போதும்.

பலருக்கு அந்த வலியும் வருவதில்லை. அதனால் நோயைக் கண்டுபிடிக்கும் அளவைக்கும் (ankle-brachial index) நல்ல சொல் வேண்டும். கணுக்காலில் அளந்த சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த சிஸ்டாலிக் அழுத்தத்தால் வகுக்கிறோம், 0.90 அல்லது அதற்குக் கீழ் வந்தால் நோய். 1.40-ஐத் தாண்டினால் தமனி விறைத்திருக்கிறது, சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி காண்பது. வகுத்து வருவதால் ‘குறியீடு’ வேண்டாம், ‘கணுக்கால்–கை அழுத்த விகிதம்’ என்று வைப்போம்.

தமனியையும் சிரையையும் பிரித்துக்காட்டும் வேறு சொல் யாரிடமாவது இருந்தால், பட்டியலை முடிப்பதற்குள் எழுதுங்கள்.