கிஃபர்ட் பேருரைகள்: ஊருக்கா, அறிஞர்களுக்கா?

நெய்தல்:
ஸ்காட்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் 1888 முதல் நடந்துவரும் கிஃபர்ட் பேருரைகளைப் பற்றிப் போன வாரம் இங்கே பேச்சு வந்தது. ‘கூட்டம் வராவிட்டால் என்ன, உரை ஆழமாக இருந்தால் போதும்’ என்று கோபுரம் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை.

நீதிபதி ஆடம் கிஃபர்ட் 1885-இல் எழுதிய உயிலில் இதற்கு 80,000 பவுண்டு ஒதுக்கினார். கடவுளையும் அறத்தையும் பற்றி, வானியலோ வேதியியலோ பேசுவதைப் போல ஆராய்ந்து பேச வேண்டும். பேசுபவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம், மதமே இல்லாதவராகவும் இருக்கலாம். மாணவர்களுக்கு மட்டுமல்லாமல் ஊர் முழுவதற்கும் கதவு திறந்திருக்க வேண்டும். உரை ‘பாப்புலர்’ ஆக இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார். ஊர்ச் சங்கங்களில் சாதாரண மக்களுக்குத் தானே உரையாற்றியவர் அவர். யாரை மனத்தில் வைத்து எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கோபுரம்:
அந்தச் சொல்லை நீங்கள் ‘எளிமையான’ என்று படிக்கிறீர்கள், நான் ‘மக்களுக்கு உரிய’ என்று படிக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல.

1928-இல் எடின்பரோவில் தத்துவ அறிஞர் வைட்ஹெட் இந்தப் பேருரைகளை ஆற்றினார். முதல் நாள் திரண்ட கூட்டம் பிறகு விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் கரைந்துவிட்டதாகச் சொல்வார்கள். ஆனால் அந்த உரைகள்தான் விரிந்து 1929-இல் ‘ப்ராசஸ் அண்ட் ரியாலிட்டி’ என்ற நூல் ஆயின. தத்துவம் படிப்பவர்கள் இன்றும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். தலையை எண்ணித்தான் மதிப்பிட வேண்டுமென்றால் அந்த நூலே நமக்குக் கிடைத்திருக்காது.

நெய்தல்:
அதற்கு முந்தைய ஆண்டு அதே ஊரில் வானியலாளர் எடிங்டன் பேசினாரே! அவர் எடுத்துக்கொண்ட சார்பியலும் குவாண்டமும் என்ன லேசான விஷயமா? தன் முன்னால் இரண்டு மேசைகள் இருக்கின்றன என்று தொடங்கினார். ஒன்று நாம் சாய்ந்து எழுதும் கெட்டியான மேசை. மற்றது அணுக்களால் ஆன, பெரும்பாலும் வெற்றிடமான மேசை. வீட்டில் மேசை வைத்திருக்கும் யாரும் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

கோபுரம்:
அங்கேதான் வழுக்கியது. தத்துவ அறிஞர் சூசன் ஸ்டெப்பிங் 1937-இல் ஒரு நூலே எழுதி அதைப் பிரித்துப்போட்டார். ‘கெட்டி’ என்ற சொல்லே மேசையையும் தரையையும் பார்த்துப் பிறந்தது. அவையே கெட்டி இல்லையென்றால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். கூட்டத்துக்குப் புரிந்தது, ஆனால் தப்பாகப் புரிந்தது. ஊர் மக்கள்மேல் எனக்கு மரியாதை இருப்பதால்தான் அவர்களுக்கு இப்படிக் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

வழிப்போக்கன்:
நான் எடின்பரோவில் இருக்கிறேன். இப்போது அனுமதி இலவசம், பதிவுகள் யூடியூபிலும் கிடைக்கின்றன. ஒருமுறை என் பக்கத்தில் ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நனைந்த மழைக்கோட்டை நாற்காலியில் விரித்துவிட்டு, கோடு போட்ட நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். இடப்பக்கம் பேச்சாளர் சொன்னது, வலப்பக்கம் புரியாத சொற்கள். இரண்டு நாள் கழித்து அடுத்த உரைக்கு வந்தபோது வலப்பக்கச் சொற்களில் பாதிக்கு நேராகப் பென்சிலில் பொருள் இருந்தது. மீதியை என்னிடம் கேட்டார். எனக்கும் மூன்று தெரியவில்லை. முன்வரிசை மாணவியைப் பிடித்துக் கேட்டோம், மண்டபத்தைப் பூட்டும்வரை அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோபுரம்:
நான் சொல்ல வந்ததும் இதுதான். உரையைத் தண்ணீராக்க வேண்டாம். இரண்டு உரைகளுக்கு நடுவில், ஊர்க்காரர்கள் உட்கார்ந்து கேட்க ஒரு மணி நேரமும் சொல்லித்தர ஆளும் ஏற்பாடு செய்யட்டும்.

நெய்தல்:
அந்த ஏற்பாடு சரி, முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் புரியவைப்பது பேச்சாளரின் கடமை, முன்வரிசை மாணவியின் கடமை இல்லை. வழிப்போக்கன், ஒன்று கேட்கிறேன். உரை எத்தனை மணிக்கு? வேலையில் இருந்த காலத்தில் அந்த அம்மாவால் வர முடிந்ததா?

வழிப்போக்கன்:
மாலை ஐந்தரைக்கு. அவர் வேலை பார்த்த நாட்களில் ஒருமுறைகூட வந்ததில்லையாம். அந்த நோட்டும் ஓய்வுபெற்ற வாரம் வாங்கியதுதான் என்றார்.