வெளிநாட்டில் நெடுநாள் சுற்றியபோது வீட்டை நினைத்து ஏங்கும்போது மனம் எதைத் தேடியது? எல்லையோர ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

குழித்துறையிலிருந்து:

எனக்குத் தேடியது மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி. இட்லி, சாம்பார், சோறு எல்லாம் எந்தப் பெரிய நகரத்திலும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. காசு கூடும், ருசி குறையும், அவ்வளவுதான். ஆனால் மழை பிடித்து நிற்கிற சாயங்காலத்தில், அவித்து நீர் வடித்த கிழங்கும், காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) கல்லுப்பும் நசுக்கிப் பச்சைத் தேங்காய் எண்ணெய் ஊற்றிய சம்மந்தித் துவையலும் வேண்டும் என்றால் எந்த ஓட்டலில் போய்க் கேட்பது? 'இந்திய உணவு' என்று போர்டு மாட்டிய கடை எதிலும் குமரி மாவட்டத்து அடுக்களையை நான் பார்த்ததில்லை.

நானும் கணவரும் இருக்கிற இடத்திலிருந்தே வேலை பார்க்கிறவர்கள். ஒரு நாட்டில் சில மாதம், அப்புறம் அடுத்தது என்று போய்க்கொண்டிருந்தோம். பாலியில் உபுது பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தபோது, காலைச் சந்தையில் மண் ஒட்டிய கிழங்கைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். அங்கே அதற்கு சிங்கோங் என்று பெயர். தோலில் நகத்தை வைத்துக் கீறினேன். உள்ளே அந்த இளஞ்சிவப்பு. கை நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் அடுப்பைக் கேட்டேன்.

நான் கிழங்கை அவித்துக்கொண்டிருக்க, அவர் தன் பாட்டுக்கு மதியச் சோற்றுக்கு ஏதோ அரிந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் சின்ன உள்ளி, ஊசி ஊசியாய் மிளகாய், கூடவே எலுமிச்சைப் புல். அதன்மேல் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றினார். சம்பல் மத்தாஹ் என்றார். எலுமிச்சைப் புல்லை எடுத்துவிட்டால் எங்கள் அம்மா அம்மிக்கல்லில் நசுக்குவதேதான். நானும் என் பங்குக்கு நசுக்கிக் கொடுத்தேன். வாயில் வைத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவர்கள் சமையலில் சேர்க்கும் இறால் விழுதை ஒரு நுள்ளு எடுத்து அதில் போட்டுக் கலக்கினார். நன்றாகவே இருந்தது. ஊரில் நெத்திலிக் கருவாட்டைச் சுட்டுப் பொடித்துப் போடுவோமே, அந்த வாசம். அன்றைக்கு இரண்டு பேரும் அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து சட்டி காலியாகும்வரை சாப்பிட்டோம். கிழங்கு இலையையும் அவர்கள் விடுவதில்லை, தேங்காய்ப் பாலில் வேகவைக்கிறார்கள்.

அடுத்தது வியட்நாம். ஹோ சி மின் நகரத்துக்குப் பக்கத்தில் கூ சி சுரங்கங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, போர்க்காலத்தில் அங்கே ஒளிந்திருந்தவர்கள் தின்றது இதுதான் என்று அவித்த கிழங்கை ஒரு தட்டில் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலையும் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி. கூட வந்தவர்கள் ஒரு துண்டை ருசி பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டிப் பையன், 'முன்னாலேயே சாப்பிட்டிருக்கிறீர்களா?' என்று கேட்டான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், எங்கள் ஊர் அப்போது இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு அரிசி வருவது நின்றுபோனதையும், எங்கள் பாட்டி வீட்டில் மூன்று வேளையும் இந்தக் கிழங்கே உலையில் கிடந்ததையும் சொன்னேன். அவன், 'என் பாட்டி இதை இப்போது தொடவே மாட்டார்' என்றான். எங்கள் பாட்டி கடைசிவரை ஆசையாய்த் தின்றார். பட்டினியை நினைவில் வைத்துக்கொள்வதில் ஆளுக்கு ஒரு விதம் போலிருக்கிறது. அவனோடு பேசிய அந்தக் கொஞ்ச நேரம், பார்த்த எல்லா இடங்களையும் விட எனக்குப் பெரிது.

தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் எங்கள் பக்கம் பரவலாயிற்று. அது பிறந்த கண்டம் என்பதால்தான் பெரு நாட்டில் போய் இறங்கியபோதும் எனக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. அங்கே யூக்கா என்று கேட்டால் பொரித்தே தருவார்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பாலக்காடு மாவட்டம்):

அக்கா, படித்ததும் பசித்தது. எனக்குச் சாப்பாட்டை விடத் தண்ணீர்தான் தேடியது. குடிக்கிற தண்ணீர் இல்லை, குளிக்கிற தண்ணீர். வாளி நிறைய வெந்நீர், ஒரு மக்கு, தலையில் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். ஷவருக்குக் கீழே நின்றால் நனைந்த மாதிரி இருக்குமே தவிர குளித்த மாதிரி இருக்காது. அப்புறம் கழிப்பறைக் காகிதம். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், சுற்றியவர்களுக்குத் தெரியும். துருக்கியில் கோப்பைக்குள்ளேயே சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள், இத்தாலியில் வீடுகளில் கழுவுவதற்குத் தனித் தொட்டி இருக்க வேண்டும் என்று 1975இல் விதியே போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு நாட்டையும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வாளி கிடைத்த கதை ஜார்ஜியாவில். திபிலிசியில் மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் மலையாளம் கேட்டது. டாக்டருக்குப் படிக்க வந்த பையன்கள், அந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் தமிழும் ரோட்டில் மலையாளமுமாக வளர்ந்தவன் நான், திரும்பிப் பேச்சுக் கொடுத்தேன். 'சேட்டன் பாலக்காட்டுக்காரன் அல்லே' என்று இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிட்டான் ஒருவன். நம் பேச்சில் இருக்கும் அந்த இழுப்பு அவனுக்குப் போதும். அவன் திருச்சூர், மற்றவன் மலப்புறம். அன்று சாயங்காலமே அவர்கள் அறைக்குப் போனேன். குளியலறைக் கதவைத் திறந்தால், பளீரென்று ஒரு சிவப்பு வாளி, அதன் விளிம்பில் மக்கு தொங்குகிறது! பஜாரில் தேடித் தேடி வாங்கினார்களாம். 'குளிச்சோளூ சேட்டா' என்று துண்டை நீட்டினான். வெளியே குளிர் எலும்பைத் துளைக்கிறது, நான் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன்.

ராத்திரி தயிர்சாதம். அந்த ஊரில் மட்சோனி என்று விற்கிறார்கள், கிட்டத்தட்ட நம் தயிர்தான். கொஞ்சம் மட்சோனியைப் பாலில் உறை ஊற்றித் தாங்களே தயிர் போடுகிறார்கள் பையன்கள். குண்டரிசிதான் அங்கே மலிவு, குழைய வடித்தால் தயிருக்கு அதுவே நல்லது. இஞ்சி நறுக்கிப் போட்டான், கருவேப்பிலை இல்லை. வீட்டை விட்டு இவ்வளவு தூரத்தில் இருக்கும் சின்னப் பசங்கள், வழியில் பார்த்த ஆளைக் கூப்பிட்டு முதலில் குளிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் சோறு போட்டார்களே, அதை நான் மறக்கவே மாட்டேன்.

நகரியிலிருந்து (ஆந்திரா):

இரண்டு பேரும் எழுதியதைப் பார்த்து எனக்கும் எழுதத் தோன்றியது. எனக்குத் தேடியது சத்தம். எங்கள் தெருவில் பகலும் ராத்திரியும் விசைத்தறி ஓடும். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன். கரண்டு போய்த் தறி நின்றால் எல்லோரும் விழித்துக்கொள்வோம்.

மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். அவளோடு இருந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றலாம் என்று போனேன். பகல் நன்றாகப் போகும். ராத்திரி ஜன்னலை மூடினால் சுத்தமாகச் சத்தமே இல்லை. எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிடும், விடிய விடியப் புரண்டுகொண்டிருப்பேன். மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மகள் என்னை பர்ன்லி என்ற ஊருக்குக் கூட்டிப் போனாள். அங்கே குயீன் ஸ்ட்ரீட் மில் என்று 1894இல் கட்டிய நெசவாலை. நீராவியில் ஓடும் தறிகளை அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வருடம் முழுக்கத் திறந்திருக்காது, பார்த்துப் போக வேண்டும்.

தறியை ஓட்டினார்கள். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற அந்த அடி நெஞ்சில் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றிக்காட்டிய பெரியம்மா பார்த்துவிட்டு ஏதோ கேட்டார், சத்தத்தில் காதில் விழவில்லை. உடனே வாயைப் பெரிதாக அசைத்துக் குரல் இல்லாமல் கேட்டார். அந்தக் காலத்தில் அங்கே நெசவுக்காரப் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்களாம், அவர் அம்மாவும் அப்படித்தானாம். நாங்களும் அதேதான்! நாடாவுக்குள் நூல் சுற்றி வைக்கும் தார் தீர்ந்துபோனால் நான் என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வேன் என்று கையாலும் உதட்டாலும் செய்து காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அதைத் திரும்பச் செய்தார். எனக்கு இங்கிலீஷ் வராது, மகள் தள்ளித்தான் நின்றாள், ஆனாலும் இழை அறுவது, முடிச்சுப் போடுவது, கூலி குறைவது வரைக்கும் நாங்கள் பேசிவிட்டோம்.

மகள் அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டாள். ராத்திரி தலைமாட்டில் மெதுவாக ஓடவிட்டாள், தூங்கிவிட்டேன். ஊர் திரும்பியதும் நம் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து அவளுக்கு அனுப்பினேன். பரீட்சைக்குப் படிக்கும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறாளாம்.