ரைம் லூப்புக்குத் தமிழ்: காலச்சுழலா, காலமடக்கா?

அண்ணைமாருக்கு வணக்கம்.

விளையாட்டு மொழிபெயர்ப்புக்கான சொற்பட்டியலில் ஒரு சொல் மட்டும் முடிவாகாமல் கிடக்கிறது. பெடியள் வாயில் அது "ரைம் லூப்". குறித்த நேரம் முடிந்தாலோ ஆடுபவர் செத்தாலோ உலகம் தொடங்கின இடத்துக்கே போய்விடும். நடந்தது அவருக்கு மட்டும் ஞாபகம் இருக்கும். பட்டியலில் காலச்சுழல், காலச்சுழற்சி, காலவளையம் மூன்றும் கலந்து நிற்கின்றன. ஒரே கோப்பில் மூன்று சொல் வந்தால் ஆடுகிற பிள்ளை அவற்றை மூன்று வேறு விஷயம் என்றுதான் எடுக்கும்.

பொத்தான்களில் சிக்கல் இன்னும் பெரிது. "மீண்டும் தொடங்கு" என்ற ஒரே தொடர் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, நடக்கிற சுற்றைக் கைவிட்டு முதலுக்குப் போவது. மற்றது, கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் போவது. மூன்றாவது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆடுவது. சுற்றை முடிக்க நினைத்து அழுத்துபவர் இருபது மணித்தியால ஆட்டத்தை ஒரு சொடுக்கில் இழக்கலாம். பொத்தானில் எழுதியிருப்பதை அவர் சரியாகத்தான் வாசித்திருப்பார், பிழை எங்களுடையது.

எனக்குக் காலச்சுழல் பிடிக்கும், கேட்டவுடன் விளங்குகிறது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கோ.

— கொக்குவில்


தங்கச்சி,

சுழல் நல்ல சொல். ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது.

பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு சுழல்கிறது. 1987இல் பிறந்த பிரபவ 2047இல் திரும்ப வரும். வருவது பெயர்தான், 1987 வராது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைக்கு அப்போது அறுபதாம் கலியாணம் வைப்பார்கள். வாக்கியமோ திருக்கணிதமோ, எந்தப் பஞ்சாங்கத்திலும் இது இப்படித்தான். மாரி, கோடை, கொடியேற்றம், நெல் விதைப்பு எல்லாம் காலச்சுழற்சிக்குள் அடங்கும். சுழற்சியில் காலம் முன்னுக்குத்தான் போகிறது. ரைம் லூப்பில் திரும்ப வருவது அதே நாள், அதே மணி. காலம் நேராக ஓடி, ஓர் இடத்தில் முறிந்து, தொடக்கத்தில் போய் விழுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், பருவங்கள் மாறி மாறி வரும் பண்ணை விளையாட்டுக்கு என்ன சொல் வைப்பது?

வளையத்தில் வினை பிறக்காது. "காலம் வளையமாகிவிட்டது" என்று ஒரு தடவை எழுதலாம். பொத்தானில் எப்படி எழுதுவது?

நான் வைப்பது காலமடக்கு.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. லூப்புக்குத் தமிழ்நாட்டுக் கணினிப் பாடநூல்கள் மடக்கு என்றே எழுதுகின்றன. ஆனால் அதற்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. தண்டியலங்காரம் சொல்லணியில் வைத்த மடக்கு இருக்கிறதே, அதைப் பாருங்கோ. முன்வந்த அதே எழுத்துத் தொடர் மறுபடி வர வேண்டும், வரும்போது வேறு பொருள் தர வேண்டும். "மாலை மாலை தொடுத்தாள்" என்றால் முதல் மாலை பொழுது, அடுத்த மாலை பூ. எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை, மாறியது வாசிக்கிறவரின் விளக்கம். ரைம் லூப் விளையாட்டின் உயிரே இதுதான். முதற்சுற்றில் கதவடியில் நிற்கிற கிழவர் வெறும் கிழவர். நாலாம் சுற்றிலும் அதே நிமிடம் அதே சொல்லைத்தான் சொல்வார், ஆனால் இப்போது அது துப்பு. வேறு எந்தச் சொல்லிலும் இந்தப் பொருள் இவ்வளவு பொருத்தமாக இல்லை.

அடுத்தது வினை. மடங்கு தன்வினை, மடக்கு பிறவினை. மணிக்கூடு தானாக முடிந்து உலகம் திரும்பினால் காலம் மடங்கியது. ஆடுபவர் தானே திருப்பினால் அவர் காலத்தை மடக்கினார். உலகம் ஒடுங்குகிற அந்தக் கணத்துக்கும் பெயர் தயாராக இருக்கிறது: மடங்கல். அகராதியில் சிங்கம், யமன் என்பவற்றோடு யுகமுடிவு என்ற பொருளும் அதற்கு உண்டு.

— சுன்னாகம்


அண்ணை, தங்கச்சி,

சொல்லை ஆட்டங்களில் போட்டுப் பார்த்தால்தான் எங்கே இடறும் என்று தெரியும்.

செல்டா என்ற விளையாட்டு வரிசையில் 2000ஆம் ஆண்டு வந்த மஜோராஸ் மாஸ்க்கில் மூன்று நாள், 72 மணி. விளையாட்டின் ஒரு மணி எங்களுக்கு 45 செக்கன், ஆகவே ஒரு சுற்று 54 நிமிடம். மூன்றாம் நாள் முடிவில் நிலவு வந்து விழும். விழுமுன் ஒக்கரினாவில் காலப்பாட்டை வாசித்தால் முதல்நாள் காலமை ஆறு மணிக்குத் திரும்பலாம். அதே பாட்டைத் தலைகீழாக வாசித்தால் காலம் ஆறுதலாக ஓடும். இங்கே "காலத்தை மடக்கு" பிசகில்லாமல் இருக்கிறது, ஏனென்றால் மடக்குகிறவர் ஆடுபவர். நிலவு விழுந்தால் அது மடங்கல்.

ஆனால் இந்த ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு சொல் வேண்டும். மடக்கின பிறகு எது கையில் இருக்கும், எது போகும் என்பதில்தான் ஆடுகிறவர்கள் அடிபடுகிறார்கள். முகமூடி, பாட்டு, வில் இருக்கும். அம்பு, குண்டு, கையில் உள்ள காசு போகும். வங்கியில் போட்ட காசு இருக்கும், அதனால்தான் மடக்க முன் வங்கிக்கு ஓட வேண்டும். கோயில் ஒவ்வொன்றிலும் சிதறின 15 தேவதைகளைச் சேர்க்க வேண்டும். 14ஐச் சேர்த்துவிட்டு நேரம் போதாமல் மடக்கினால் பதினாலும் போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து. இதை முதலே தெளிவாகச் சொல்லாத மொழிபெயர்ப்பு ஆடுபவரின் ஒரு பின்னேரத்தைத் தின்றுவிடும். எனது யோசனை, பெயர்ச்சொல்லைத் தேடாமல் இரண்டு வினையை வைப்பது: வில் தங்கும், அம்பு உதிரும்.

அவுட்டர் வைல்ட்ஸ் (2019) நேர்மாறு. 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும். பொருள் ஒன்றும் தங்காது. தங்குவது ஆடுபவர் அறிந்ததும் கப்பலின் குறிப்பேடும்தான். அதற்குமுன் செத்தாலும் காலம் மடங்கும். கவனிக்க வேண்டிய ஒன்று, தொடக்கத்தில் அருங்காட்சியகச் சிலை கண் திறக்கும்வரை மடக்கு தொடங்குவதில்லை. அதற்குமுன் செத்தால் ஆட்டம் முடிந்தது, முடிந்ததுதான். ஆகவே அந்த இடத்துத் திரையில் "காலம் மடங்கியது" என்று போட்டால் பிழை, "ஆட்டம் முடிந்தது" என்றே வர வேண்டும்.

டெத்லூப்பில் (2021) மணிக்கூடே இல்லை. நாலு இடம், ஒரு நாளில் நாலு வேளை. ஓர் இடத்தில் நிற்கும்வரை நேரம் அசையாது, விட்டு வெளிக்கிட்டால்தான் அடுத்த வேளை. கொல்ல வேண்டிய எட்டுப் பேரையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். இந்த வேளைக்குப் "பொழுது" என்று வைப்போம், சிறுபொழுது என்று ஏற்கெனவே பழகின சொல். துவக்கு உதிராமல் இருக்க, பொருள்களிலிருந்து உறிஞ்சிச் சேர்த்த ஒரு சத்தை அதற்குள் ஏற்ற வேண்டும். ஏற்றினால் தங்கும், மறந்தால் அடுத்த காலமை வெறுங்கை.

இப்போது எல்லைக்கு வருகிறேன். பிரெய்ட் (2008) காலமடக்கு அல்ல. அங்கே செத்தாலும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நடந்ததெல்லாம் பின்னுக்கு ஓடும், பச்சையாக மினுங்குகிற பொருள் மட்டும் ஓடாது. இதற்குப் பட்டியலில் "பின்னோட்டம்" என்று கிடக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கோ. "பின்னூட்டம்" என்ற பொத்தானும் அதே பட்டியலில் இருக்கிறது, சின்ன எழுத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஏலாது. "பின்னிழு" என்றால் சின்னது, செய்கிற வேலையையும் சொல்கிறது.

லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்சிலும் (2015) பின்னிழுத்தல்தான், ஆனால் ஒரு வித்தியாசம். உலகம் பின்னுக்குப் போகும், இழுக்கிற பிள்ளை நிற்கிற இடத்திலேயே நிற்கும். பூட்டின கதவை வெடி வைத்துத் திறந்து, உள்ளே போய் நின்று பின்னிழுத்தால் கதவு முழுசாகிவிடும், அவள் அறைக்குள் நிற்பாள். உள்ளிருந்து திறந்துவிட்டால் சேதம் ஒன்றும் இல்லை. இந்தப் புதிரின் குறிப்பை "பழைய நிலைக்குத் திரும்பு" என்று மொழிபெயர்த்தால் புதிர் விளங்காமலே போகும். திரும்புவது கதவு, அவள் அல்ல.

குரோனோ ட்ரிகர் (1995) போல யுகம்விட்டு யுகம் போவதற்குக் காலப்பயணம் நிலைத்துவிட்டது. அதில் கதைக்க ஒன்றும் இல்லை.

— வல்வெட்டித்துறை


அண்ணை,

> ஏற்கெனவே பழகின சொல்

பொழுது சரி. தங்கும், உதிரும் இரண்டும் நான் நினைத்ததைவிட நல்லாக வேலை செய்கின்றன, ஏன் என்று கீழே சொல்கிறேன். மடக்கில் எனக்கு மூன்று தடை.

முதலாவது, யாழ்ப்பாணத்துக் காதுக்கு மடக்கு என்றால் மடக்குக் கத்தி, மடக்குக் கதிரை. இரண்டாவது, "மூன்று மடங்கு" என்றால் கணக்கு. "மூன்று மடங்கல்" என்று எழுதினால் வாசிக்கிறவர் பெருக்கத் தொடங்குவார். மூன்றாவதுதான் கூடப் பயம்: காலமடக்கு என்பதற்கு ஒரு புள்ளி கூடினால் கால்மடக்கு. சின்னத் திரையில் புள்ளி தெரியாவிட்டாலும் பிழை, தூசி புள்ளியாகத் தெரிந்தாலும் பிழை.

எழுத்துருவிலும் ஒன்று. விளையாட்டு செய்கிற மென்பொருளான யுனிட்டியில் எழுத்தைத் திரையில் போடுகிற டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழ் எழுத்தை இணைத்துக் காட்டாது. "கு" என்பதில் உகரக் குறி கழன்று தனியே நிற்கும். "தொடங்கு" என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராது. அதே வேலைக்கான கொடோ 4 எழுத்தை ஒழுங்காக உருவமைக்கும், அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. யுனிட்டியில் செய்கிறவர்கள் உருவமைக்கும் செருகியைப் போட்ட பிறகே சொற்களைச் சரிபார்க்க வேண்டும். "எழுத்துப் பிழை" என்று வருகிற முறைப்பாடுகள் பல எழுத்துப் பிழையே அல்ல.

வேற்றுமை உருபு அடுத்தது. நிரல் பொருளின் பெயரை இடையில் கொண்டுவந்து போடுகிற வசனங்களில் "ஐ" ஒட்டினால் "அம்புஐ இழந்தீர்கள்", "படம்ஐ இழந்தீர்கள்" என்று வரும். அம்பை, படத்தை, வாளை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி மாறுவது நிரலுக்குத் தெரியாது. "உதிரும்: அம்பு" என்று பெயரை எழுவாயாகவே வைத்தால் உருபே வேண்டாம். அதோடு செய்யும் என்னும் முற்று ஒன்றுக்கும் பலவுக்கும் பொது. அம்பு உதிரும், அம்புகள் உதிரும். ஒருமை பன்மைக்கு இரண்டு வசனம் எழுதத் தேவையில்லை. "உதிர்ந்தது" என்று இறந்தகாலத்தில் எழுதினால் இந்த வசதி போய்விடும், "உதிர்ந்தன" வேண்டிவரும்.

— கொக்குவில்


தங்கச்சி,

கத்தியை மடக்கினால் நுனி பிடிக்கு வந்து சேரும். முடிவு தொடக்கத்தில் வந்து படுகிறது. அந்தக் காட்சி மனதில் வந்தால் வரட்டும், சொல்லுக்கு அது உதவிதான். கணக்குக் குழப்பத்துக்கு எளிய வழி, எண்ணோடு மடங்கு வரவே கூடாது. எண்ணுவது சுற்று: "3ஆம் சுற்று". மடக்கு அமைப்பின் பெயர், சுற்று அதன் ஒரு தடவை, மடங்கல் அது முடிகிற கணம். புள்ளி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. விளக்கப் பகுதியில் காலமடக்கு என்று எழுதுவோம். ஆட்டத்துத் திரையில் "மடக்கு" என்று தனியாகவோ "காலத்தை மடக்கு" என்று விரித்தோ போடுவோம்.

அந்தாதியையும் யோசித்தேன். முதற்பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம், கடைசிப் பாட்டு முதற்பாட்டில் போய் மண்டலிக்கும். அழகாக இருக்கிறது, ஆனால் அந்தாதியில் இரண்டாம் பாட்டு புதுப் பாட்டு. ஒரு சொல்தான் திரும்புகிறது. ரைம் லூப்புக்கு அது பொருந்தாது. ஆட்டத்தை முடித்த வலிமையோடு முதலிலிருந்து ஆடுவதற்கு, அதாவது குரோனோ ட்ரிகரில் உள்ள நியூ கேம் பிளஸுக்கு, "அந்தாதி ஆட்டம்" என்று வைக்கலாம். இதை ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் பட்டியலில் ஏற்றும்படி கேட்கிறேன்.

ரிட்டேர்னல் (2021) பற்றித் தம்பி எழுதவில்லை. செத்தால் கப்பல் விழுந்த இடத்தில் எழும்புவது மடக்குத்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அறைகளின் அடுக்கு மாறிவிடுகிறது. அதே எழுத்துத் தொடர் வராவிட்டால் அது மடக்கணி ஆகுமா?

— சுன்னாகம்


அண்ணை,

கதை மடக்கு, களம் மடக்கல்ல. கதைக் குறிப்பில் காலமடக்கு என்றும், ஆட்டவகை எழுதுகிற இடத்தில் "சுற்றுக்குச் சுற்று மாறும் களம்" என்றும் எழுதினால் இரண்டும் முட்டாது.

— வல்வெட்டித்துறை


சரி, விட்டுக்கொடுக்கிறேன். காலச்சுழற்சியைப் பருவ விளையாட்டுகளுக்கு ஒதுக்கிவிட்டு, கோப்பில் இன்றே மாற்றுகிறேன். மூன்று பொத்தானும் இனி இப்படி: "காலத்தை மடக்கு", "சேமித்த இடத்துக்குப் போ", "புது ஆட்டம்". மூன்றாவதை அழுத்தினால் "சேமித்தவை எல்லாம் அழியும்" என்று கேட்டுவிட்டுத்தான் நகரும்.

டெத்லூப்பின் நாலு பொழுதுக்குக் காலமை, மத்தியானம், பின்னேரம், இரவு என்று எழுதி வைத்திருக்கிறேன். பின்னேரம் கடல் தாண்டினால் விளங்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. பிற்பகல் என்று மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

— கொக்குவில்